வந்தியத்தேவன் எந்த வகை ஆளு? கேள்வி பதில்

வேலூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இந்த முறை ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவனை எடுத்துக்கொண்டோம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன் என்பதால், ஆளுமை வகை பற்றிய கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்கும் ஆசைதான். பன்னிரண்டு வயதிலிருந்து கூடவே வரும் ஆள் அவன்.

மேடம், இந்த நாலெழுத்து வகை எல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு? (அரக்கோணம்)

கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921இல் எழுதிய புத்தகம்தான் வேர். அதை வைத்து அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமைக் கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். கலகலப்பா (இ) ஒதுக்கமா (ஐ), கண்ணால் பார்ப்பதை நம்புவதா (எஸ்) உள்ளுணர்வை நம்புவதா (என்), அறிவா (டி) மனசா (எஃப்), திட்டமா (ஜே) போகிற போக்கா (பி) என்று நான்கு ஜோடி; ஜோடிக்கு ஓர் எழுத்து. பெருக்கினால் 16 வகை.

நாங்க ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் அவனை இ.என்.எஃப்.பி.னு முடிவு பண்ணிட்டோம். கற்பனை, காதல், ஜாலி. சரிதானே மேடம்? (குடியாத்தம், கல்லூரி மாணவி)

இல்லைம்மா. நான் இ.எஸ்.டி.பி. என்பேன். அந்த இரண்டாவது எழுத்துக்காகக் கடைசி வரை வாதாடத் தயார்.

முதல் அத்தியாயத்தையே பார். ஆடிப் பெருக்கு, வீரநாராயண ஏரி, குதிரை மேல் இளைஞன். கனவு காண்கிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே கை காரியம் ஒன்று செய்கிறான்: ஏரியின் கணவாய்களை, அதாவது மதகுகளை, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறான். உள்ளுணர்வுக்காரன் அந்த ஏரியைப் பார்த்தால் மதகை எண்ண மாட்டான்.

அதைவிடப் பெரிய சாட்சி தஞ்சைக் கோட்டையில் இருக்கிறது. சக்கரவர்த்தி சுந்தர சோழரிடம் அவசரமாக “அபாயம்” என்று சொல்லிவிடுகிறான். அது கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. பிறகு அவர் குடைந்து கேட்கும்போது “அபயம்” என்றுதான் சொன்னேன் என்கிறான். கவனித்தாயா? புதுக் கதை எதையும் புனையவில்லை. சொன்ன சொல்லில் ஒரு துணைக்காலை மட்டும் எடுத்துவிட்டான், பொருள் தலைகீழாகிவிட்டது. அவன் பொய்கள் பெரும்பாலும் இப்படித்தான், கைக்கு எட்டியதை வைத்துக் கட்டியவை. நூலில் இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் பக்கத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அறிவுக்காரன் என்கிறீர்கள். கந்தமாறனைத் தூக்கிச் சுமந்தானே, அதில் அறிவு எங்கே? (ஆம்பூர்)

நல்ல அடி. முதுகில் குத்துப்பட்டுக் கிடந்த நண்பனைச் சுமந்துகொண்டு போய்ச் சேந்தன் அமுதன் வீட்டில் சேர்க்கிறான். தனியாகத் தப்பியிருந்தால் அவனுக்கு லாபம். கடைசியில் குத்தியவன் என்ற பழியும் அவன் தலையிலேயே விழுகிறது. ஆனால் இந்த மூன்றாவது எழுத்து, பாசம் உண்டா இல்லையா என்பதை அளப்பதில்லை. முடிவு எடுக்கும்போது முதலில் எதைப் பார்க்கிறான் என்பதைத்தான் சொல்கிறது. அறிவு வகை என்றால் கல்நெஞ்சு என்று நம்மூரில் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. இருந்தாலும் நான்கில் இந்த எழுத்தில்தான் எனக்குப் பிடி தளர்கிறது. நீங்கள் ‘எஃப்’ என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

என்னியாகிராமில் எத்தனையாம் எண்? (ராணிப்பேட்டை)

ஏழு. ஒன்பது வகை உள்ள அந்த முறை, ஒருவன் என்ன செய்கிறான் என்பதை விட எதிலிருந்து ஓடுகிறான் என்று கேட்கும். ஏழாம் எண்காரர் வலியிலிருந்து ஓடுவார், சிரிப்பை முன்னால் வைத்துக்கொண்டு. வந்தியத்தேவனிடம் என்ன இருக்கிறது? ஒரு குதிரை, ஒரு வாள், ராஜ்யம் போன பிறகும் மிஞ்சிய குலப்பெயர். அவன் குலத்து வாணன் புகழைப் பாடும் பழைய வெண்பா ஒன்று நாவலில் வருகிறது. வாணனிடம் பரிசு வாங்கிய புலவர்களின் கையில் இருக்கும் குடையையும் பல்லக்கையும் குதிரையையும் பார்த்து, தோற்ற மன்னர்கள் ‘இது என்னுடையதாச்சே’ என்பார்கள். இன்று அந்த வாணர் குலத்துப் பிள்ளையே எல்லாம் இழந்து நிற்கிறான். அந்த வலியைத் தொடாமல் தாண்டிப் போகத்தான் இத்தனை குறும்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பெனி இன்டர்வியூவில் இந்த டெஸ்ட் வைத்து என் மகனை வேண்டாம் என்றார்கள். இதை நம்பலாமா? (வாணியம்பாடி)

வேலைக்கு ஆள் பொறுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. சில வாரம் கழித்து அதே தாளை எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடும். நடுவில் நிற்பவரையும் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும் அளவுகோல் அது. ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து கூறுகளை அளக்கும் முறையை. அதில் நீங்கள் ஒரு பெட்டிக்குள் விழ மாட்டீர்கள், ஒவ்வொரு கூறிலும் கூடக் குறைய ஓர் இடத்தில் நிற்பீர்கள். மகனுக்குச் சொல்லுங்கள், அந்தத் தாள் அவன் தகுதியை அளக்கவே இல்லை.

கதை முடியும்போதும் அவன் அதே வகைதானா? (வேலூர், சத்துவாச்சாரி)

அவனையே நினைத்திருந்த கந்தமாறனின் தங்கை மணிமேகலை அவன் மடியில் உயிரை விடுகிற இடத்தைப் படித்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கத்துக்குத் திரும்புங்கள். ஏரிக்கரையில் பார்த்த பிள்ளையை அங்கே காணோம். எழுத்து மாறியதாக நான் சொல்ல மாட்டேன். ஓட இடமில்லாமல் அவன் நின்றுவிட்ட இடம் அது.

எங்க ஊர்ப் பிள்ளைன்னு சொல்லிக்கலாமா மேடம்? (திருவல்லம்)

தாராளமாக! ‘வல்லவரையன்’ என்றால் வல்லத்து அரசன்தானே. பொன்னையாற்றங்கரையில் உங்கள் வில்வநாதேஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் வாணர்கள் வருகிறார்கள். சோழ இளவரசி குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அந்த மனிதர் எப்படிச் சிரித்தார், எப்படிக் கோபப்பட்டார் என்று கல்லில் இல்லை. நான் இவ்வளவு நேரம் பேசியது 1950இல் கல்கி தொடராக எழுதத் தொடங்கிய பிள்ளையைப் பற்றி மட்டும்தான்.

குந்தவை எந்த வகை? (மறுபடி அதே குடியாத்தம் மாணவி)

அடுத்த மாதம் பேசுவோம். அதற்குள் குடந்தை ஜோதிடர் வீட்டில் இருவரும் சந்திக்கும் பகுதியை மறுபடி படித்துவிட்டு வா. யார் முதலில் தடுமாறுகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொள்.