கோடம்பாக்கமும் கோட்டையும்

கேள்வி: நான்கு வருடமாக ஒரு சீரியல் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு உதவியாளராக இருக்கிறேன். இப்போது தேர்தல் பிரசார நிறுவனம் ஒன்று கூப்பிடுகிறது. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே' என்கிறார் அப்பா. இரண்டும் பார்த்தால் எதிலும் உருப்பட முடியாதா?
- ஒரு வாசகி, சாலிகிராமம்

பதில்: காங்கிரஸ் மேடைகளில் பாடிய நடிகை கே.பி.சுந்தராம்பாள் 1951இல் சட்ட மேலவைக்குப் போனார். நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் 1962இல் தேனியில் நின்று ஜெயித்தார். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர்கள் கட்சிக்காகப் போனவர்கள். உங்களைக் கூப்பிடுவது சம்பளத்துக்கு. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம், தேர்தல் வேலை வருடம் முழுக்க ஓடாது. 2019 மக்களவை, 2021 சட்டமன்றம், மறுபடி 2024 மக்களவை. நடுவில் வீட்டு வாடகையை யார் கட்டுவது? சீரியல்தான். ஆகவே சீரியலை விடாதீர்கள்.

வேலை உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஜெனரேட்டர், வண்டி, போலீஸ் அனுமதி, நூறு பேருக்கு டிபன், மழை வந்தால் மாற்று இடம் எல்லாம் அங்கேயும் உண்டு. கணக்கில் மட்டும் கவனம். செட்டில் பேட்டா வவுச்சர் தொலைந்தால் திட்டு விழும், அவ்வளவுதான். சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம். தினசரிக் கணக்கு எழுத வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் தொலைக்கும் ரசீதுக்குப் பதில் சொல்லப்போவது வேட்பாளர்.

நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, உங்கள் வாய். தெருவில் ஷூட்டிங் என்றால் 'ஓரமா போங்க, ஃபிரேம்ல வர்றீங்க' என்று விரட்டித்தான் பழகியிருப்பீர்கள். பிரசாரத்தில் அப்படி விரட்டப்படும் பாட்டிக்கு ஓட்டு இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே வந்து, லாரி நாலு நாளாக வரவில்லை என்று அவர் கத்துவார். அதை நின்று கேட்பதுதான் அங்கே வேலை. பக்கத்திலேயே வட்டச் செயலாளர் இருப்பார். எந்தச் சந்தில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும், உங்கள் லேப்டாப்புக்குத் தெரியாது. அவரை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் போல நடத்தினால் மறுநாள் கூட்டத்துக்கு ஆள் வராது.

உண்மையான ஆபத்து அப்பா சொல்வதில் இல்லை. தேர்தல் ஆலோசகர் பிரசாந்த் கிஷோர் 2014இல் மோடிக்கும் 2021இல் தி.மு.க.வுக்கும் வேலை பார்த்தார், யாரும் அவரை ஒதுக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. இங்கே சேனல்கள் சிலவற்றுக்கே கட்சி நிறம் உண்டு. எந்தக் கட்சிக்கு வேலை, உங்கள் சீரியல் எந்தச் சேனலில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் எதிரெதிர் என்றால், இந்தத் தேர்தலை விட்டுவிடுங்கள்.

சரி, போவதென்றால் சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். முடிவு வந்த மறுநாள் தோற்ற இடத்தில் போன் எடுக்க ஆள் இருக்காது. ஜெயித்த இடத்தில் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள்.