11 வருஷமா கொட்டகையில நிக்கிற மாஸி 1035 டிராக்டர், என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார், எங்களுக்கு கோபி பக்கம் 5 ஏக்கர் இருக்குங்க, மஞ்சளும் மக்காச்சோளமும் போடுறோம். பக்கத்து தோட்டத்துல ஒரு மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், 1994 மாடல், ஓனர் இறந்ததுக்கப்புறம் 11 வருஷமா கொட்டகையிலேயே நிக்குது. அவரு பையன் இப்ப "இது வின்டேஜ் வண்டி"ன்னு சொல்லி 1.75 லட்சம் கேக்குறாரு. ஓடுற கண்டிஷன்ல இதே மாடல் போன மாசம் எங்க ஏரியால 2.20 லட்சத்துக்கு போச்சு. அதனால இது லாபம்னு தோணுது. நகைக்கடன் வச்சு வாங்கலாமா?

பதில்: முதல்ல அந்த வின்டேஜ் கதைய முடிச்சிடுவோம். அரசாங்கம் 2021ல கொண்டு வந்த வின்டேஜ் ரூல் 50 வருஷம் தாண்டின டூவீலருக்கும் காருக்கும்தான், அதுவும் ஷோவுக்கும் ராலிக்கும் ஓட்டிக்கலாம், தினசரி வேலைக்கு எடுக்கக் கூடாது. உங்க வண்டி அதுல எங்கயுமே வராது. 1946ல இருந்து 1956 வரைக்கும் இங்கிலாந்துல செஞ்ச ஃபெர்குசன் டிஇ-20 மாதிரி ஒண்ணு ஒரிஜினல் பார்ட்ஸோட கிடைச்சா ஆசைக்கு வாங்குறவங்க இருப்பாங்க. மாஸி ஃபெர்குசனை இங்க செய்யுற நம்ம ஊர் டாஃபே கம்பெனியோட 1035 ஊருக்கு ஊர் ஓடிட்டு இருக்கு, ஸ்பேர் எல்லா டவுன்லயும் கிடைக்குது. உழவுக்கு வாங்குற உங்களுக்கு அது நல்ல விஷயம், ஆனா அபூர்வம்னு சொல்லி விலை ஏத்த அதுல ஒண்ணும் இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம். 2.20-க்கும் 1.75-க்கும் நடுவுல 45 ஆயிரம் லாபம்னு நீங்க பாக்குறீங்க, அந்த 45 ஆயிரம் டயருக்கே போயிடும்ங்க. ஓடுற வண்டி விலையை மேல வச்சுக்கிட்டு, இந்த வண்டிய அந்த நிலைக்கு கொண்டு வர ஆகுற ஒவ்வொரு செலவையும் கழிச்சுக்கிட்டே கீழ இறங்கணும், அப்படித்தான் இந்த மாதிரி நின்ன வண்டிக்கு விலை போடணும்.

பட்டன் (டயர் மேல இருக்கிற கட்டை) நல்லா இருந்தாலும் 11 வருஷம் நின்ன டயர் சைடுல வெடிப்பு விட்டிருக்கும், நாலும் போச்சுன்னே வச்சுக்கோங்க. சேத்து உழவுக்காக டயர்ல தண்ணி ரொப்பி வச்சிருந்தா ரிம் உள்ளயே துரு தின்னிருக்கும், அதையும் பாக்கணும். டேங்க்ல கிடந்த பழைய டீசல் கோந்து மாதிரி ஆகி டீசல் பம்ப்பையும், இன்ஜினுக்குள்ள டீசலை பீச்சுற நாசிலையும் அடைச்சிருக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டியிருக்கும், வயரை எலி கடிச்சிருக்கும், ஹைட்ராலிக் சீல் காஞ்சிருக்கும். தோராயமா டயருக்கு 50 ஆயிரம், பேட்டரி 6, பம்ப்பும் நாசிலும் 12, கிளட்ச் 12, ஆயில் ஃபில்டர் ஹோஸ் வயரிங்னு ஒரு 10, மொத்தம் 90 ஆயிரம். (இது நான் உதாரணத்துக்கு போட்டது, உங்க மெக்கானிக் சொல்றத வச்சு மாத்திக்கோங்க.) 2.20-ல 90 போனா 1.30. பேப்பர் வேலைக்கு 15, பிரிச்சு பாத்தாதான் தெரியுற செலவுக்கு ஒரு 25 எடுத்து வைங்க. மிச்சம் 90 ஆயிரம், அதுதான் உங்க உச்ச விலை. பேச்சை 75-ல ஆரம்பிங்க.

இதெல்லாம் இன்ஜின் சுத்துதுன்னா மட்டும்தான். பேட்டரி வச்சு செல்ஃப் அடிச்சு காட்டுறேன்னு சொன்னா விடாதீங்க, பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருந்தா இருக்கிறதும் உடையும். நாசிலை கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ரெண்டு நாள் கழிச்சு கையால சுத்தி பாக்க சொல்லுங்க. ஆயில் டிப்ஸ்டிக்ல டீ கலர்ல இருந்தா தண்ணி இறங்கியிருக்கு. இன்ஜின் சுத்தாம ஜாம்னா ஸ்லீவ், பிஸ்டன், ரிங்னு இன்னொரு 60 ஆயிரம் போகும், அப்ப உங்க விலை 30 ஆயிரத்துக்கு வந்துடும். ஆனா அந்த வண்டி சுமார் 1,700 கிலோ, டயர் போக 1,500 கிலோ இரும்பு, கிலோ 30 ரூபாய்னு போட்டாலே பழைய இரும்புக் கடைக்காரர் 45 ஆயிரம் கொடுப்பாரு, அந்த பையன் உங்களுக்கு 30-க்கு எதுக்கு கொடுக்கணும்? ஜாம்னா விட்டுட்டு வந்துடுங்க.

சொல்லப்போனா எனக்கு இன்ஜினை விட ஆர்சி (வண்டியோட பதிவு புக்) மேலதான் பயம் ஜாஸ்தி. பதிவோட 15 வருஷம் 2009லயே முடிஞ்சிருக்கும், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவல், 11 வருஷமா நின்ன வண்டிக்கு யாரு போட்டிருப்பா? ரினிவலுக்கு இன்ஸ்பெக்டர் வண்டிய பாக்கணும், அதாவது முதல்ல ரிப்பேர் பண்ணணும், அதுவும் இன்னும் அவங்க அப்பா பேர்ல இருக்கிற வண்டிய உங்க காசுல. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அவரு வாரிசு சான்றிதழ் வச்சு ஃபார்ம் 31 போட்டு தன் பேருக்கு மாத்தணும், அப்புறம் ஃபார்ம் 29, 30-ல உங்களுக்கு. ஆர்சியில கூட்டுறவு பேங்க் கடன் பேர் இன்னும் இருந்தா கடன் தீந்துச்சுன்னு பேங்க் கொடுக்கிற என்ஓசியும் ஃபார்ம் 35-ம் அவரு வாங்கித் தரணும். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி இருந்தா எல்லார் கையெழுத்தும் வேணும். பேர் மாத்தாம வித்த வண்டி விபத்துல சிக்கினா ஆர்சியில பேர் இருக்கிறவர்தான் இழப்பீட்டுக்கு பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, அதை அவர்கிட்ட சொல்லுங்க, பேர் மாத்த அவரும் சீக்கிரம் ஓடுவாரு. அட்வான்ஸ் 10 ஆயிரத்துக்கு மேல வேண்டாம், மிச்சம் பேர் மாறினப்புறம். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோட ஒத்துப் போகலன்னா 40 ஆயிரத்துக்கு கொடுத்தாலும் வேண்டாம்.

நகைக்கடன் வேண்டவே வேண்டாம். 5 ஏக்கருக்கு வருஷம் 40 மணி நேர உழவுன்னு வைங்க. தனியார் வண்டி மணிக்கு 1,200 ரூபாய்னா 48 ஆயிரம், சொந்த வண்டின்னா மணிக்கு 4 லிட்டர் டீசல், 15 ஆயிரம் பக்கம். இன்சூரன்ஸ், ஆயில், சில்லறை ரிப்பேர் போக வருஷம் 20 ஆயிரம் மிஞ்சினா பெருசு. நீங்க மொத்தம் போடுறது கிட்டத்தட்ட 2 லட்சம், திரும்பி வரவே பத்து வருஷம், இதுல கடன் வட்டி வேற கட்டுனா எங்க போறது? வேளாண் பொறியியல் துறை டிராக்டர் மணிக்கு 500 ரூபாய்க்கு உழவன் ஆப்லயே புக் பண்ணலாம், சீசன்ல கிடைக்கிறதுக்கு கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். அதோட ஒப்பிட்டா சொந்த வண்டில மிச்சமே இல்ல. பக்கத்து தோட்டங்களுக்கும் நீங்களே ஓட்டப் போறீங்க, கையில சும்மா கிடக்கிற காசும் இருக்குன்னா மட்டும் யோசிங்க.

போறதுன்னு முடிவு பண்ணா ஆர்சி புக்கை முதல்ல பாருங்க, அது சரியா இருந்தாதான் மெக்கானிக்கை கூட்டிட்டு போகணும். அவரு கூலிய நீங்களே கொடுங்க, விக்கிறவர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம். போறப்ப வண்டிக்கு திடீர்னு புது பெயிண்ட் அடிச்சிருந்தா அதுக்கு ஒரு ரூபாய் கூட சேக்காதீங்க.