பழைய டீசல் காரில் டர்போ லேக்: டர்போவையே மாற்ற வேண்டுமா?

12 வருஷம் ஓடிய டீசல் கார், ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது (இதைத்தான் டர்போ லேக் என்பார்கள்), மெக்கானிக் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி) போய்விட்டது என்கிறார், மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள், கடைசியில் டர்போவில் ஒரு குறையும் இல்லை.

முதலில், இழுவை தாமதமாக வருகிறதா, வரவே இல்லையா என்று பாருங்கள். 1800 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை வேகம் இருக்காது, பழைய டீசல் வண்டிக்கு அது பிறவிக் குணம். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 1500-ல் வைத்து முழுசாக மிதியுங்கள். 2000 தாண்டும்போது முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ளினால் டர்போ உயிரோடுதான் இருக்கிறது. முன்னே தள்ளியது, இப்போது 3000 போனாலும் சவசவ என்று இருக்கிறது என்றால்தான் தேட வேண்டும்.

என் வண்டி 2010 மாடல். வீடு தங்கச்சிமடம், வேலை ராமநாதபுரம், அதனால் தினமும் பாம்பன் ரோட்டுப் பாலம் ஏறி இறங்கியாக வேண்டும். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டி வந்தது. பின்னால் பைக்கில் வந்த மச்சான், "என்ன மாப்ளே, கரிமூட்டம் போட்ட மாதிரி புகை விடுற" என்றான். கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் புகை நீலமாக வரும், ஆயிலும் குறையும். என் வண்டியில் அந்த இரண்டும் இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் டர்போ பக்கமே போகவில்லை. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவி எடுத்துக் காட்டினார், விரல் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. "காத்து போற குழாய்க்கு வெளியே எண்ணெய்க்கு என்ன வேலை தம்பி?" குழாய்க்கு உள்ளே லேசாக ஆயில் படிவது சகஜம், வெளியே கசிந்தால் அந்த வழியாகக் காற்றும் போகிறது என்று அர்த்தம்.

நான் வீட்டில் எஞ்சினை ஓடவிட்டு சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. வராது, ஐடிலில் அந்தக் குழாய்க்குள் அழுத்தமே இருக்காது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை ட்யூப் வால்வு பொருத்திய பிவிசி மூடியால் அடைத்து, 10 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் காற்று ஏற்றினார். டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பக்கம் கொஞ்சம் உஸ் என்றது, அது இருக்கும் என்றார். அப்புறம் சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் கிளாம்புக்குக் கீழே நுரை பொங்கியது. உப்புக்காற்றில் துருப்பிடித்த கிளாம்ப் ரப்பரைக் கடித்து, நகம் நீளத்துக்கு ஒரு கீறல். கையால் அமுக்கினால் தெரியாது, உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும்.

உங்கள் வண்டியிலும் இதேதான் என்று சொல்ல மாட்டேன். ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள், தனுஷ்கோடி பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் மணல் கொட்டும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் ட்யூப் வெடித்திருக்கிறதா, ஆக்சுவேட்டரின் கம்பி உப்பில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரி படிந்து திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே மந்தம், இதே கரும்புகைதான். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் ஓபிடி கருவி செருக முடிகிற வண்டி என்றால் வேலை சுலபம். சாவி போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டு பிரஷரை (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) பாருங்கள், நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 கேபிஏ ஒட்டிக் காட்ட வேண்டும். மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் 200-ஐ நெருங்கும் அல்லது தாண்டும். 130-லேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் காற்று கசிகிறது, இல்லை ஆக்சுவேட்டர் வேலை செய்யவில்லை. ஆனால் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டர்போ. எஞ்சின் ஆறியதும் டர்போவுக்குள் காற்று நுழையும் ஹோஸைக் கழற்றி, டர்போ இறக்கையின் நடுவில் உள்ள நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆடினாலோ இறக்கை சுவரில் உரசினாலோ மெக்கானிக் சொன்னது சரி, மாற்றுங்கள். அப்படி மாற்றினால் ஆயில் வரும் சின்னக் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அது அடைத்திருந்தால் புது டர்போவும் சீக்கிரம் போய்விடும்.

எனக்கு ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்போடு வேலை முடிந்தது. கிளாம்ப் மட்டும் கார் கடைச் சரக்கு வேண்டாம் என்று படகுக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுக்கொடுத்தார், நாலு மழைக்காலம் ஆகிவிட்டது, இன்னும் துரு ஏறவில்லை.