பவர் விளக்கு மட்டும் சிமிட்டும் பழைய ரௌட்டரைப் பிழைக்க வைக்க முடியுமா?

உங்களுடையது லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிஎல். பவர் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, உள்ளமைவுப் பக்கம் திறக்கவில்லை என்கிறீர்கள். சிமிட்டுவது நல்ல சகுனம். ஃபர்ம்வேர் (ரௌட்டரின் உள் மென்பொருள்)தான் கெட்டிருக்கிறது; அதை எழுப்பிவிடும் பூட்லோடர் (பெயர் சிஎஃப்இ) பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதை ரௌட்டரின் லேன் துளையில் கேபிளால் இணையுங்கள். கணினிக்கு 192.168.1.10 என்ற முகவரியை நீங்களே கொடுத்து, ரௌட்டரின் முகவரியான 192.168.1.1-ஐ பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). பதிலில் டிடிஎல் (TTL) என்ற எண் 100 என்று வந்தால் பேசுவது பூட்லோடர். 64 என்றால் ஃபர்ம்வேரின் லினக்ஸே ஓடுகிறது, பிரச்சினை வேறெங்கோ.

100 வந்ததா? சரி, டிடி-டபிள்யூஆர்டி (DD-WRT) என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரின் மினி பதிப்பை டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்புங்கள். பைனரி முறையில் அனுப்ப வேண்டும், பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். மினி சிறியது, உள்ளே இருக்கும் 4 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தில் எளிதாக அடங்கும். அனுப்பி முடிந்ததும் ஐந்து நிமிடம் கை வைக்காதீர்கள். அவசரப்பட்டு வயரைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

பிங்குக்குப் பதிலே இல்லையென்றால் ரௌட்டரைத் திறந்து, சில்லுடன் நேரடியாகப் பேசும் ஜேடேக் (JTAG) கேபிளை உள்ளே இருக்கும் பலகையில் பற்றவைக்க வேண்டும். 54 எம்பிபிஎஸ் ரௌட்டருக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டேன். பிழைத்தாலும் இணையத்தின் வாசலில் வைக்காதீர்கள், மென்பொருள் பழையது. வீட்டுக்குள் கேபிள் கருவிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சாகப் போடலாம்.