மேயராக இருந்தவர் தனியார் ஆலோசகரானால் நகரங்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, அந்த ஆள் பதவியில் எதையாவது செய்து காட்டியிருந்தால். நான் முதலில் சொல்லும் பெயர் பிரேசிலின் ஜைமே லெர்னர். கட்டடக் கலைஞர், குரிச்சிபா நகரத்துக்கு மூன்று முறை மேயர். 1971-ல் அவர் வந்தது ராணுவ ஆட்சிக் கால நியமனத்தில். புகழ்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அவருடைய வேகத்துக்கு அதுவும் காரணம்.

1972-ல் பிரதான கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்தி, ஒரு வார இறுதியில் நடைபாதையாக மாற்றினார். கார் வைத்திருந்தவர்கள் திரண்டு வந்து நுழையப்போவதாக மிரட்டினார்கள். அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. தெரு நெடுகக் காகிதம் விரித்து, குழந்தைகளைப் படம் வரைய உட்கார வைத்தார்!

1974-ல் பஸ்ஸுக்குத் தனித்தடம் வந்தது. 1991-ல் குழாய் வடிவ நிறுத்தங்கள்: நுழையும்போதே கட்டணம், நிறுத்தத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். படியேற வேண்டாம், சில்லறைக்காக பஸ் காத்து நிற்கவும் வேண்டாம். மெட்ரோவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு.

பிறகு இரண்டு முறை, குரிச்சிபா இருக்கும் பரானா மாநிலத்தின் ஆளுநர். 2003-ல் சொந்த ஆலோசனை நிறுவனம் தொடங்கி, 2021-ல் இறக்கும்வரை பல நகரங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் ஆலோசகருக்கு உத்தரவுபோடும் அதிகாரம் கிடையாது. வரைபடம் கொடுக்கலாம், எதிர்ப்பைத் தாங்குவது அந்த ஊர் மேயரின் பாடு. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மேயராக இருந்த என்ரிக்கே பெஞலோசா 2000-ல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தட பஸ்களை ஓடவிட்ட பிறகு வெளிநாடுகளுக்கு ஆலோசனை சொன்னார். 2016-ல் மறுபடி மேயர் நாற்காலிக்கே வந்துவிட்டார்.