'ஒன்லி'யை எங்கே வைப்பது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இன்டர்வியூ போகும் உங்கள் பெண்ணுக்கு ஆங்கிலம் வராது என்று கலங்க வேண்டாம், அம்மா. அவள் எழுதிய சுய அறிமுகத்தில் சொற்களெல்லாம் சரி. ஆட்வெர்ப் எனப்படும் வினையடைகள் மட்டும் தமிழில் நிற்கும் இடத்திலேயே நிற்கின்றன. இது பத்து நாளில் சரியாகிவிடும்.

'மை நேட்டிவ் ஈஸ் கடலூர் ஒன்லி' என்கிறாள். நம் 'தான்' சொல்லின் வாலில் ஒட்டும். அதை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிட்டாள். 'ஐ ஆம் ஃப்ரம் கடலூர்' என்றாலே போதும், அங்கே ஒன்லிக்கு வேலையே இல்லை. 'மே மாதம்தான் கோர்ஸ் முடித்தேன்' என்பதற்கு அது தேவை, ஆனால் மே மாதத்துக்கு முன்னால் வர வேண்டும்: 'ஐ ஃபினிஷ்ட் த கோர்ஸ் ஒன்லி இன் மே'.

அடுத்து வரிசை. 'போன வருஷம், சிப்காட்டில், கடுமையாக உழைத்தேன்.' காலம், இடம், விதம், கடைசியில் வினை. ஆங்கிலத்துக்கு இதைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள்: 'ஐ வொர்க்ட் ஹார்ட் அட் சிப்காட் லாஸ்ட் இயர்'. இங்கே 'ஹார்ட்லி' போட்டால் வாக்கியமே கெடும். அதற்குக் 'கடுமையாக' என்று பொருள் கிடையாது, 'கிட்டத்தட்ட இல்லை' என்றுதான் பொருள். உழைத்த பெண்ணை உழைக்காதவளாக்கிவிடும் சொல் அது.

வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையை நுழைக்கக் கூடாது. டேலி என்ற கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரியும் என்று சொல்ல, 'ஐ நோ வெரி வெல் டேலி' தவறு. 'ஐ நோ டேலி வெரி வெல்' சரி.

ஆல்வேஸ், யூஷுவலி, நெவர் மூன்றும் சாதாரண வினைக்கு முன்னால் வரும்: 'ஐ ஆல்வேஸ் செக் த பில்'. 'ஆம்', 'ஈஸ்', 'ஆர்' என்ற ஆங்கில வினைகள் இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: 'ஐ ஆம் ஆல்வேஸ் ஆன் டைம்'. 'வில்', 'ஹேவ்' போன்ற துணைவினை ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலாவதற்குப் பின்னால்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்விலும் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் வரும். ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழியும். அதனால் இந்தப் பயிற்சி இன்டர்வியூ, தேர்வு இரண்டுக்கும் உதவும்.

தினமும் தன்னைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி, வினையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, வினையடை அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கட்டும். பிறகு வாய்விட்டுப் படிக்கட்டும். மனசுக்குள் படித்தால் நாக்கு பழகாது. இன்டர்வியூவில் ஒரு சொல் இடம் மாறிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த வேண்டாம், அடுத்த வாக்கியத்துக்குப் போகச் சொல்லுங்கள்.