காதுக்குப் புரியும் மலையாளம் வாய்க்கு வர என்ன வழி?

கேள்வி: பரவை மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வயது 47. எர்ணாகுளம், ஆலுவா பக்கம் லோடு அனுப்புகிறேன். அங்கிருந்து போனில் பேசுவது முக்கால்வாசி புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் தமிழ்தான் வருகிறது. இந்த வயதில் மலையாளம் பேச வருமா சார்? தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

பதில்: வரும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மொழி ஒட்டும் என்ற பேச்சு பாதிதான் சரி. டச்சு மொழி கற்கத் தொடங்கியவர்களை நெதர்லாந்தில் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் பெரியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் குழந்தைகளைவிட வேகமாகவே கற்றிருந்தார்கள். நாள்பட நாள்பட, குறிப்பாக உச்சரிப்பில், குழந்தைகள் முந்துவது உண்மை. ஆனால் நீங்கள் மலையாளியாக மாறப் போவதில்லை. விலை பேசி, லோடு அனுப்பி, பாக்கியைக் கேட்டு வாங்கினால் போதும்.

உங்களுக்கு வயதைவிடத் தமிழ்தான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறது. இரண்டும் நெருங்கிய மொழிகள், கேட்டால் புரிந்துவிடுகிறது. நீங்கள் தமிழில் பதில் சொன்னால் அவர்களுக்கும் புரிகிறது. வேலை நடந்துவிடுவதால் வாய்க்குப் பழக்கமே கிடைக்கவில்லை. கேட்ட சொல்லை அடையாளம் காண்பது ஒரு திறமை, தேவையான நேரத்தில் அதை நினைவிலிருந்து எடுத்துப் பேசுவது வேறொரு திறமை. இன்னும் பத்து வருடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாலும் இரண்டாவது தானாக வராது. அதனால் உங்கள் அரை மணி நேரம் முழுக்க வாய்விட்டுப் பேசுவதற்கே.

முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். நமக்கு வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்கொரு விகுதி உண்டு. மலையாளத்தில் அது கிடையாது. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. எல்லோருக்கும் ஒரே வடிவம்தான். கேட்க எளிது, ஆனால் தமிழ் நாக்கு சும்மா இருக்காது, "ஞான் வந்நேன்" என்று ஒட்டவைத்துவிடும். இதைத் திருத்தத்தான் அதிக நேரம் செலவாகும், செலவழியுங்கள். உங்கள் தொழிலுக்கு வேண்டிய வினைகள் ஏழெட்டுதான். லோடு அயச்சு (அனுப்பினேன்), அயச்சில்ல (அனுப்பவில்லை), நாளெ அயக்காம் (நாளைக்கு அனுப்புகிறேன்), பைசா கிட்டி (பணம் வந்தது), கிட்டியில்ல (வரவில்லை). ஒவ்வொன்றையும் இப்படி நடந்தது, நடக்காதது, நடக்கப்போவது என மூன்று விதமாகச் சத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது காய்களின் பெயர். தக்காளி தக்காளியேதான். கத்தரிக்காய் வழுதனங்ங, புடலை படவலங்ங, பரங்கி மத்தங்ங, பெரிய வெங்காயம் சவாள, சின்ன வெங்காயம் சுவந்நுள்ளி. தனிச்சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டாம். "இந்நு வழுதனங்ங எத்ர வேணம்?" என்று முழு வாக்கியமாகவே பழகுங்கள்.

அரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து படிக்காமல் காலை, மதியம், இரவு என்று பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுத் திரும்பச் சொன்னால் நினைவில் அதிகம் நிற்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். நேற்றுப் பழகியதைப் புத்தகம் பார்க்காமல் இன்று சொல்லிப் பாருங்கள். திணறல் வரும். அந்தத் திணறல்தான் பயிற்சி, உடனே விடையைப் பார்த்துவிடாதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. கேரள வியாபாரிகள் பலருக்கு ஓரளவு தமிழ் வரும். நீங்கள் தடுமாறினால், உதவி என்று நினைத்து அவர்களே தமிழுக்கு மாறிவிடுவார்கள். உங்கள் படிப்புக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. நெடுநாள் பழக்கமான ஒருவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள்: "சேட்டா, முதல் இரண்டு நிமிஷம் மலையாளத்திலேயே பேசுவோம், தப்பிருந்தால் திருத்துங்கள்." பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். விலை, எடை, பணக்கணக்கு வரும்போது மட்டும் தமிழில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் வியாபாரத்தில் நஷ்டம் வந்துவிடக் கூடாது. புதியவர்களை "நீ" என்று கூப்பிடாமல் சேட்டா, சேச்சி என்றே அழையுங்கள்.

எழுத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பேச்சு ஓரளவு ஓட ஆரம்பித்ததும் அதையும் படிக்க வேண்டும், ஏனென்றால் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு அங்கே நான்கு நான்கு எழுத்து. தமிழில் குறித்து வைத்த குறிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் உச்சரிப்பைக் கெடுக்கும். மலையாள எழுத்து, நம் பக்கம் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்திலிருந்து வந்தது, அதனால் பல எழுத்துகள் உங்களுக்குப் பார்த்த முகமாகவே இருக்கும்.

அதுவரை போனில் வேகமாகப் பேசினால் "பதுக்கெ பறயூ" என்று கேளுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று பொருள். நாளைக்கு முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம்.